எந்த வழியாக வந்தீர்கள்?

அன்வர் பாட்சா திருச்சியில் ஒருநாள் பயிற்சி முடித்துத் திரும்பியபோது, அறந்தாங்கி மீன் வியாபாரிகளில் 'டேட்டா' என்றால் என்னவென்று தெரிந்த ஒரே மனிதர் ஆகியிருந்தார். மற்றவர்களுக்கு மீன் விற்க மட்டும்தான் தெரியும்.

பயிற்சி ஏ.சி. ஹாலில் நடந்தது. கழுத்தில் பெயர் அட்டை மாட்டிவிட்டார்கள். கோட்டுப் போட்ட ஒருவர் காலையிலிருந்து மாலைவரை ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். உங்கள் வாட்ஸ்அப் குரூப்புக்கு ஆள் எங்கிருந்து வருகிறது என்று அளக்காதவன் வியாபாரியே இல்லை. நோட்டீஸுக்கு ஒரு லிங்க், பேனருக்கு ஒரு லிங்க் என்று தனித்தனியாகக் கொடுத்துவிட்டால், எதைப் பார்த்து எத்தனை பேர் வந்தார்கள் என்று போனே எண்ணிச் சொல்லிவிடும். தேறாததை வெட்டிவிடலாம். அன்வர் இதை டைரியில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டார். 'வெட்டிவிடலாம்' என்ற சொல் அவருக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. அவர் வீட்டில் வெட்டுகிற அதிகாரம் இதுவரை பவுசியாவிடம்தான் இருந்தது.

பவுசியா அவர் மனைவி. மீனையும் வெட்டுவாள், துணியையும் வெட்டுவாள், அன்வர் பேசிக்கொண்டிருந்தால் பேச்சையும் வெட்டுவாள். வீட்டின் முன் அறையில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். சுற்றுப்பட்டுப் பெண்களின் தோள் அளவு, கை அளவு, மாமியார் நிலவரம் எல்லாம் அவளுடைய கோடு போட்ட நோட்டில் இருந்தன.

அன்வர் பதினான்கு வருடம் ஷார்ஜாவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் அடுக்குகளை மேற்பார்வை பார்த்தவர். அங்கே சூப்பர்வைசர். ஊருக்கு வந்தபின் விடியற்காலையில் லோடு ஆட்டோ எடுத்துக்கொண்டு கோட்டைப்பட்டினம் போய், படகில் வந்த மீனை வாங்கி வந்து, எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் போடுகிறவர். ஊரில் அவரை 'மீன்காரர்' என்றார்கள். குரூப்புக்கு 'அன்வர் பாட்சா கடல் உணவுகள்' என்று பெயர். மொத்தம் அறுபத்தொரு பேர். அதில் இருபத்து மூன்று பேர் சொந்தக்காரர்கள். அவர்கள் குரூப்பில் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வார்கள். மீன் வேண்டுமென்றால் நேரே வீட்டுக்கு வந்து உரிமையோடு எடுத்துக்கொண்டு போவார்கள்.

சூப்பர்வைசராக இருந்தவருக்கு ஓர் ஆபீஸ் வேண்டாமா? அதற்காகவே சக்கரம் வைத்த சுழல் நாற்காலி ஒன்று வாங்கியிருந்தார். எட்டு மாதமாக அது நடையில் நின்றது. நடை குறுகல் என்பதால் சுழலாது, உருளாது. துவைத்த துணி காயப்போட மட்டும் உதவியது. முன் அறை கிடைத்தால் நாற்காலி உருளும். முன் அறையில் மிஷின் இருந்தது. இதுதான் அந்தக் குடும்பத்தின் எல்லைத் தகராறு.

திருச்சியிலிருந்து வந்த சூட்டோடு, பெயர் அட்டையைக் கழற்றாமலேயே அன்வர் முன் அறையில் நின்று அறிவித்தார்.

"இனிமே இந்த வீட்டுல எல்லாம் டேட்டாப்படிதான்."

"மொதல்ல கழுத்துல கெடக்குறதக் கழட்டுங்க. என்னது?"

"நம்ம குரூப்புக்கு எந்தச் சேனல்லேருந்து ஆள் வருதுன்னு பாக்கப்போறேன்."

"கேபிள நிறுத்தி மூணு மாசமாச்சு. இதுல எந்தச் சேனலு?"

"டி.வி. சேனல் இல்ல புள்ள. விளம்பரம் போற பாதை. வாய்க்கால்னு வச்சுக்கயேன்."

"வாய்க்கால்னே சொல்ல வேண்டியதுதானே. நான்பாட்டுக்கு டி.வி. வருதுன்னு சந்தோசப்பட்டுட்டேன்."

அன்வர் பொறுமையாக விளக்கினார். பேப்பருக்குள் வைத்து நோட்டீஸ். ஊரைச் சுற்ற ஆட்டோ. பஸ் ஸ்டாண்டு எதிரே பேனர். மூன்று வாய்க்கால், மூன்று லிங்க். தான் சொல்லி அனுப்புகிற ஆட்கள் இதில் எந்த வாய்க்கால் என்று பவுசியா கேட்டாள். இப்போது குரூப்பில் நிஜமாகவே மீன் வாங்கும் முப்பத்தெட்டுப் பேரில் பாதிக்குமேல் அவளிடம் ஜாக்கெட் தைக்க வந்தவர்கள். அன்வர் சிரித்தார். அடுக்கில் சோப்பு டப்பாவைத் தலைகீழாக வைத்தவனைப் பார்த்து ஷார்ஜாவில் சிரித்த அதே சிரிப்பு.

"நாலு பொம்பளைங்ககிட்ட நீ பேசுறது மார்க்கெட்டிங் இல்ல, பவுசியா. அது பேச்சு."

மிஷின் நின்றது. பவுசியா நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். அவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது, ஆனால் அதை அவருக்குக் காட்டுகிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"எனக்கும் ஒரு லிங்கு குடுங்க. பத்து நாளு. என் வாய்க்கால்ல ஆள் கூட வந்தா, ஒங்க நாற்காலி மாடிப்படிக்கு அடியில போயிரணும். இந்த ரூம்பப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது."

"வரலேன்னா?"

"மிஷினத் தூக்கிப் பின் ரூம்புல போட்டுக்கிறேன்."

அன்வருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பின் அறை என்பது சந்துப் பக்கம் பார்த்த ஓர் இருட்டறை. ஐஸ் பெட்டியும் தண்ணீர்ப் பைப்பும் அங்கேதான். மீதி இடம் முழுக்க அவர் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த காலி அட்டைப்பெட்டிகள். போன வருடம் பவுசியா அந்த அறையை ஒழித்துத் தரச்சொல்லிக் கேட்டபோது, வெளிநாட்டு அட்டை திரும்பக் கிடைக்காது என்று மறுத்துவிட்டார். அந்த அறைக்குத் தானாகப் போகிறேன் என்கிறாள். பந்தயத்தைச் சட்டென்று ஒப்புக்கொண்டு, பிறகு பின்வாங்கக் கூடாது என்றார்.

"சரிங்க" என்றாள் பவுசியா.

பவுசியாவின் 'சரிங்க'வில் மூன்று தினுசு உண்டு. காதில் விழுந்தது என்பதற்கு ஒன்று. காதில் விழவில்லை என்பதற்கு ஒன்று. மூன்றாவது எதற்கு என்று இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அன்வர் கண்டுபிடிக்கவில்லை. அதில் பதினான்கு வருடம் போனிலேயே நடந்த குடித்தனம் என்பதால் அவரையும் குறை சொல்ல முடியாது.

மறுநாள் ஜெபக்குமாரின் அச்சகத்தில் நான்கு லிங்கும் ஸ்கேன் பண்ணுகிற நான்கு சதுரங்களாக உருவெடுத்தன. நான்கும் பார்க்க ஒரே மாதிரி கறுப்புப் பொடி தூவியதுபோல் இருந்தன. மாறிவிடக் கூடாதே என்று அன்வர் ஒவ்வொரு சதுரத்தின் அடியிலும் பொடி எழுத்தில் பெயர் போடச் சொன்னார். நோட்டீஸ், ஆட்டோ, பேனர், பவுசியா. மீன் வாங்க வருகிறவனுக்கு இது எதற்கு என்று ஜெபக்குமார் கேட்டார். லேபிள் ஒட்டாத சரக்கு அடுக்கில் ஏறக் கூடாது என்றார் அன்வர். பதினான்கு வருடப் பழக்கம்.

கோட்டுக்காரர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். எண்ணினால் மட்டும் போதாது, ஆளையும் கேட்க வேண்டும். அதனால் சதுரத்தை ஸ்கேன் பண்ணியதும் வியாபார நம்பருக்குப் போய், அங்கே தானாக ஒரு கேள்வி வரும். பதில் போட்டவர்களைக் குரூப்பில் சேர்க்க வேண்டும். 'யார் சொல்லி வந்தீங்க?' என்று சுருக்கமாகக் கேட்கலாமே என்றார் ஜெபக்குமார். அது மளிகைக் கடைத் தமிழ் என்று அன்வருக்குப் பட்டது. அரை மணி நேரம் யோசித்து, தானே இயற்றினார்: 'தங்கள் வருகைக்கு நன்றி. தாங்கள் எந்த வழியாக வந்தீர்கள்?'

எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டு வாசித்தும் பார்த்துக்கொண்டார்.

விளம்பரம் ஆரம்பமானது. இரண்டாயிரம் நோட்டீஸ் பேப்பருக்குள் போய், பேப்பரோடு பரணுக்குப் போனது. பேனர் பஸ் ஸ்டாண்டு எதிரே இரண்டு நாள் கம்பீரமாக நின்றது. மூன்றாம் நாள் அதன்மேல் யாரோ காதணி விழா பேனர் கட்டினார்கள். காது குத்தப்படும் குழந்தையின் காலடியில் அன்வரின் சதுரம் பாதி தெரிந்தது. ஆட்டோ ஓட்டிய நிலவழகன் அன்வரே பேசிப் பதிவு செய்த குரலைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினார். கிருத்திகை அன்று முருகன் கோயில் வாசலில் டிராபிக்கில் மாட்டி, 'துள்ளும் சங்கரா, துடிக்கும் நண்டு' என்று பத்து நிமிடம் முழங்கியதில் கும்பிட வந்தவர்கள் முறைத்தார்கள். ஆட்டோவின் சதுரம் முதுகில் ஒட்டப்பட்டிருந்தது. அதை ஸ்கேன் பண்ண வேண்டுமானால் ஆட்டோவைத் துரத்த வேண்டும். டூவீலரில் ஒருவர் ரயில்வே கேட்வரை துரத்திப் பண்ணினார் என்று நிலவழகன் பெருமையாகச் சொன்னார்.

பதில்கள் வர ஆரம்பித்தன. அன்வர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பதிலைத் திறந்தார்.

'ஆவுடையார்கோயில் வழியா.'

அடுத்ததைத் திறந்தார். 'நாகுடி வழி. மினி பஸ்.'

மூன்றாவது கொஞ்சம் நீளம். 'வல்லத்திராக்கோட்டை வழியா வந்தேன் அண்ணே. ரோடு வேலை நடக்குது, நீங்க வந்தா சுத்தி வாங்க.'

நான்காவது: 'எப்பவும் வர்ற வழிதான், ஏன் கேக்குறீங்க?'

ஐந்தாவது பெண்மணி கொஞ்சம் பயந்திருந்தார். 'நாங்க எங்கயும் வரலைங்க. வீட்டுலதான் இருக்கோம்.'

அன்வர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்தச் சீமையில் டேட்டா வளராது என்று அவருக்குத் தெளிவாகிவிட்டது. பவுசியாவிடம் போனை நீட்டி, படி, உன் ஊர் லட்சணத்தைப் படி என்றார். அவளும் அவரும் ஒரே தெருக்காரர்கள் என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

"பஸ் போர்டுல ஊருக்குக் கீழ 'வழி'ன்னுதானே போட்டிருக்கு? வேற என்னத்த நெனப்பாங்க?"

"நான் கேட்டது விளம்பர வழி."

"நீங்க கேட்டது ஒங்களுக்குத்தான் தெரியும். அவங்க கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டாங்க."

அந்தக் கேள்வியை நிறுத்த அன்வருக்குத் தெரியவில்லை. கோட்டுக்காரர் போடத்தான் சொல்லிக்கொடுத்தார், எடுக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் வியாபார நம்பர் இருந்த பழைய போனைப் பவுசியாவிடமே தள்ளிவிட்டார். இந்தப் பதிலெல்லாம் குப்பை, வருகிறவர்களை நீயே குரூப்பில் சேர்த்துவிடு, பத்து நாளைக்குப் பட்டியலையும் நீயே போட்டு ஆர்டரையும் பார்த்துக்கொள், எனக்கு எண்ணிக்கை போதும் என்றார். குரூப்பைத் திறந்து பார்ப்பதே கீழ்மட்ட வேலை என்று அவர் முடிவு கட்டியிருந்தார். எப்படியும் ரோஜாப்பூத் தொல்லை தாங்காமல் தன் குரூப்பைத் தானே மியூட்டில் போட்டு வைத்திருந்தார். பவுசியா அந்தக் குப்பையை ஒன்றுவிடாமல் அளவு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டாள். பொம்பளைகளுக்கு அடுத்தவர் எந்த பஸ்ஸில் போனார் என்று தெரிந்துகொள்வதில் என்ன சுகமோ என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆறாம் நாள் எண்ணிக்கையைத் திறந்தார். ஆட்டோ நான்கு. பேனர் ஏழு, அதுவும் காதணி விழாவுக்கு முன்னால் வந்தது. நோட்டீஸ் பதினொன்று.

பவுசியா எண்பத்து மூன்று.

போனை அணைத்துப் போட்டார். அப்போதும் எண்பத்து மூன்றுதான். ஒருதரம் தட்டியும் பார்த்தார். எண்பத்து நான்கு ஆனது.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஆவணி முகூர்த்த நேரம். பவுசியாவிடம் ஜாக்கெட் குவிந்து கிடந்தது. தைத்து முடித்த ஒவ்வொரு ஜாக்கெட்டின் கொக்கியிலும் தன் சதுரம் அச்சிட்ட சின்னச் சீட்டு ஒன்றைக் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதைக் கழற்றாமல் ஜாக்கெட்டைப் போட முடியாது. கழற்றினால் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டாமல் இருக்க மாட்டார்கள். இதற்குத் திருச்சியில் என்ன பெயர் வைப்பார்களோ, அன்வர் டைரியில் தேடினார், கிடைக்கவில்லை.

அன்று மாலை நாற்காலி நடையில் நின்று அவரையே பார்த்தது. அதன்மேல் ஈரப் பாவாடை ஒன்று தொங்கியது. மாடிப்படிக்கு அடியில் ஏற்கெனவே பழைய கிரைண்டர் கிடந்தது. தன் கதியும் அதன் பக்கத்தில்தான் என்று அவருக்குப் பட்டது.

ஏழாம் நாள் காலை பவுசியா அவரைக் கூப்பிட்டு, சீட்டு தீர்ந்துவிட்டது, ஜெபக்குமாரிடம் சொல்லி இன்னும் ஐந்நூறு அடித்து வாங்கி வரும்படி சொன்னாள். எதிராளியே கத்தியைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். அச்சகத்தில் அன்வர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சீட்டில் பவுசியாவின் சதுரத்தை எடுத்துவிட்டு நோட்டீஸ் சதுரத்தை வைக்கச் சொன்னார்.

"அண்ணே, இது நோட்டீஸோடதுல்ல?"

"தெரியும். டெஸ்டிங்."

கோட்டுக்காரர் அந்தச் சொல்லைப் பயிற்சியில் பதினேழு தடவை சொல்லியிருந்தார். ஜெபக்குமாருக்கு மேற்கொண்டு கேட்கத் தோன்றவில்லை. சதுரத்தை அப்படியே தூக்கி வைத்து அடித்துக் கொடுத்தார். அன்வர் அன்று கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சீட்டுக் கட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி வீடு வந்து சேர்ந்தார்.

அதன்பின் நோட்டீஸ் வாய்க்காலில் வெள்ளம். எட்டாம் நாள் அறுபது. ஒன்பதாம் நாள் நூற்று இருபது. பவுசியா தொண்ணூற்றொன்றில் நின்றுவிட்டாள். நடுவில் ஒரே ஒரு தடவை மட்டும் அன்வருக்கு மனசு உறுத்தியது. சாப்பாட்டில் சீலா மீனின் நடுத்துண்டை அவர் தட்டில் வைத்துவிட்டு, அவள் தலைத்துண்டை எடுத்துக்கொண்டாள். சொல்லிவிடலாமா என்றுகூட வாயைத் திறந்தார். அப்போது கண்ணில் நாற்காலி பட்டது. திறந்த வாயில் மீனைப் போட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள் மாலை ஜெபக்குமாரைச் சாட்சிக்கு வரவழைத்து, முன் அறையில் முடிவை வாசித்தார். பேனர் ஏழு. ஆட்டோ ஐந்து. பவுசியா தொண்ணூற்றொன்று. நோட்டீஸ் நூற்று எண்பத்தெட்டு. ஜெபக்குமார் கூரையைப் பார்த்தார். அன்வர் போனைத் தூக்கிக் காட்டினார்.

"டேட்டா பொய் சொல்லாது, பவுசியா."

பவுசியாவின் கையில் ஒரு ஜாக்கெட் இருந்தது. அதன் கொக்கியில் இருந்த சீட்டை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமாங்க. டேட்டா பொய் சொல்லாது."

"மிஷின்?"

"சரிங்க."

எந்தத் தினுசு 'சரிங்க' என்று யோசிக்கிற நிலையில் அன்வர் இல்லை. அட்டைப்பெட்டிகளை, அதே வெளிநாட்டு அட்டைகளை, அவரே உற்சாகமாகத் தூக்கிச் சந்தில் போட்டார். பின் அறையைப் பெருக்கிக் கொடுத்தார். பல்பு மங்கலாக இருக்கிறதே என்று நல்ல பல்பாகப் போட்டுக் கொடுத்தார். ஜெயித்தவனுக்குப் பெருந்தன்மை வேண்டும். மிஷினின் ஒரு பக்கத்தை நிலவழகன் பிடிக்க, மறுபக்கத்தைப் பவுசியாவே பிடித்துக்கொண்டு போனாள். போகும்போது, இத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், நாளைக்கு மீன் மூன்று பெட்டி கூடவே எடுத்து வாருங்கள் என்றாள். கடைசியில் அவளும் டேட்டாவை மதிக்கிறாள் என்று அன்வர் நெகிழ்ந்துபோனார்.

மறுநாள் காலை மீனை இறக்கிப் பின்பக்கம் ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தன் ஆபீஸில் உட்கார்ந்தார். நாற்காலியில் இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. சுவருக்குச் சுவர் ஒருதரம் உருண்டும் பார்த்தார். எட்டு மணிக்குப் பட்டியல் போட்டார். சங்கரா, கிழங்கான், நகரை, கணவாய், நண்டு. பதினொரு நாளில் முதன்முறையாக மியூட்டை எடுத்துவிட்டு, போன் அலறுவதற்காகக் காத்திருந்தார்.

எட்டரை ஆனது. ஒன்றும் இல்லை. எட்டே முக்காலுக்கு ஒரு சத்தம் வந்தது. பாய்ந்து எடுத்தார். சின்னம்மா மகன் அனுப்பிய ரோஜாப்பூ. அதில் பனித்துளியும் இருந்தது.

ஒன்பது மணிக்கு முதுகில் வியர்த்தது. மூன்று பெட்டி கூடுதல் மீன். வெயில் ஏறினால் நண்டு தாங்காது. இன்னும் கொஞ்சம் ஐஸாவது போடுவோம் என்று பின் அறைக்கு ஓடினார்.

ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே ஐஸ் மட்டும் இருந்தது.

பின்வாசல் திறந்திருந்தது. சந்தில் நிலவழகனின் ஆட்டோ நின்றது. அதே விளம்பர ஆட்டோதான், ஆனால் இப்போது வாயை மூடிக்கொண்டு நின்றது. உள்ளே மீன் பைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஷார்ஜா சூப்பர்வைசரே குறை சொல்ல முடியாத அடுக்கு. ஒவ்வொரு பையிலும் லேபிள் வேறு. வாசற்படியில் பவுசியா அளவு நோட்டைத் தலைகீழாகப் பிரித்து வைத்துக்கொண்டு வாசித்தாள்.

"நாகுடி வழி பதினாலு. ஆவுடையார்கோயில் வழி இருபத்தொண்ணு. கீரமங்கலம் வழி ஒம்பது, அதுல மூணு நண்டு. வல்லத்திராக்கோட்டைக்குச் சுத்திப் போங்கண்ணே, ரோடு வேலை நடக்குது."

அன்வர் ஐஸ் பெட்டியையும் ஆட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இதெல்லாம் யார் ஆர்டர் என்று கேட்டார். தன் குரல் தனக்கே மீன்காரர் குரலாகக் கேட்டது.

"நீங்க குப்பைன்னீங்கல்ல, அவங்கதான். எந்த வழியா வந்தீங்கன்னு கேட்டீங்க, எல்லாரும் மரியாதையா வழி சொன்னாங்க. வந்த வழி தெரிஞ்சா மீன் போற வழி தெரியாதா? வழிக்கு ஒரு குரூப்புன்னு நாலு போட்டு வச்சிருந்தேன். இன்னைலேருந்துதான் மீன்னு சொல்லியிருந்தேன்."

"என் குரூப்பு?"

"அது அப்படியே இருக்கு. ஒங்க சொந்தக்காரங்க ஒருத்தரும் வெலகல."

பழைய வாடிக்கையாளர்கள் முப்பத்தெட்டுப் பேரும்கூட அவளிடம் வந்துவிட்டார்கள் என்றாள். அங்கே ரோஜாப்பூ வருவதில்லையாம். அன்வர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். நோட்டீஸ் மூலமாக வந்த நூற்று எண்பத்தெட்டுப் பேர் தன் ஆட்கள் என்றார். பவுசியா நோட்டுக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். இந்தத் தடவை அவர் கண்ணாடி போட்டிருந்தார். சதுரத்துக்கு அடியில், தான் கேட்டு வாங்கிய அதே பொடி எழுத்தில், 'நோட்டீஸ்' என்று அச்சாகியிருந்தது.

"ஜாக்கெட் வாங்க வந்த ஞானமணி டீச்சர் அன்னைக்கே கேட்டாங்க. ஏன் பவுசியா, ஜாக்கெட்டுல நோட்டீஸ்னு போட்டிருக்க, வீட்டக் காலி பண்ணணுமான்னு."

அன்வர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மறுபக்கம் வெறுமையாக இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

"தெரிஞ்சே ஏன் பேசாம இருந்த?"

"பேசியிருந்தா நான் ஜெயிச்சிருப்பேன். முன் ரூம்பு எனக்கே இருந்திருக்கும். அது ஏற்கெனவே எங்கிட்டதானே இருந்துச்சு? தண்ணி இங்கிட்டு, ஐஸ் பெட்டி இங்கிட்டு, ஆட்டோ நிக்கிற சந்து இங்கிட்டு. போன வருசம் இந்த ரூம்ப ஒழிச்சுக் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன். அட்டையக் கட்டிக்கிட்டு அழுதீங்க. நேத்து நீங்களே பெருக்கி, பல்பு மாட்டிக் குடுத்தீங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "என் பேச்சு மார்க்கெட்டிங் இல்லன்னு சொன்னீங்கல்ல. அது மட்டும்தான் எனக்கு வருத்தம்."

நிலவழகன் ஆட்டோவைக் கிளப்பாமல் ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். அன்வர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பேச்சை வியாபாரத்துக்குத் திருப்பினார். நாளைக்கு எந்த மீன் எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டார். ஷார்ஜாவில் இந்தக் கேள்வியை அவரிடம்தான் மற்றவர்கள் கேட்பார்கள்.

"குரூப்புல போட்டிருக்கேன். பாத்துக்கங்க."

"எந்தக் குரூப்பு? என்னையத்தான் நீ சேக்கலையே."

பவுசியா கதவைக் காட்டினாள். கதவில் புதிதாக ஒரு சதுரம் ஒட்டியிருந்தது. அன்வர் தன் போனை எடுத்து, குனிந்து, ஸ்கேன் பண்ணினார். வாசற்படியில் கிடந்த பழைய போன் ஒருமுறை அதிர்ந்தது. அவர் போனில் தானாக ஒரு செய்தி வந்தது. அரை மணி நேரம் யோசித்து, இரண்டு முறை வாய்விட்டு வாசித்து, அவரே இயற்றிய செய்தி.

'தங்கள் வருகைக்கு நன்றி. தாங்கள் எந்த வழியாக வந்தீர்கள்?'

அன்வர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"பதில் போடாதவங்கள சேக்குறதில்லங்க" என்றாள் பவுசியா.

அன்வர் பாட்சா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

'வேற வழியில்லாம.'